நல்ல செய்தியை நிறுத்தி வைத்த நாள்

பரம்பரை நோய் ஆலோசனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மாதிரியை எப்படி எடுப்பது, எப்படிப் பொதி செய்து அனுப்புவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் கற்றுத் தருவார்கள். அதில் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இயந்திரங்களும் மாறிவிட்டன. நான் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என்னுடைய ஒரு பிழையும் அதற்குள் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் நான் அபுதாபியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் தாதிப் படிப்பு முடித்து, பிரசவ வார்டில் பல வருடம் இருந்துவிட்டு, பிறகு இந்தப் பிரிவுக்கு வந்தவள். பிரிவு என்று சொல்வது கொஞ்சம் பெரிய வார்த்தை. பழைய எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு ஃபேக்ஸ் இயந்திரம், அவ்வளவுதான். பெரிய டாக்டர் சூடான் நாட்டுப் பெண்மணி. கோபம் சட்டென்று வரும், அதே வேகத்தில் மறந்தும் போவார். தமிழ் பேசுகிறவர்கள் யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்.

அப்படித்தான் முருகேசனும் வளர்மதியும் வந்தார்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு கராஜில் ஃபோர்மன். மனைவி வளர்மதி அவருக்குச் சொந்த அக்கா மகள். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் சிவகங்கைப் பக்கம். முசஃபாவிலேயே இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தார்கள்.

அவர்களுடைய முதல் குழந்தை ஒரு பெண். பிறந்த அன்றே அதன் முழங்காலிலும் குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. துணி உரசிய இடத்தில் கொப்புளம், தூக்கிய இடத்தில் கொப்புளம், வாய்க்குள்ளும் கொப்புளம். நம் தோலில் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒட்டி வைத்திருக்கும் ஒரு புரதம் உண்டு. அந்தக் குழந்தையின் உடம்பில் அது உருவாகவே இல்லை. தாய், தகப்பன் இருவரிடமும் அதே மரபணுவில் ஒரு குறை இருந்தது. ஆனால் அவர்களுக்கு அந்த மரபணுவின் இன்னொரு பிரதி சரியாக இருந்ததால் ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் குறையுள்ள பிரதியே வந்துவிட்டது. அதன் அழுகை கரகரத்துப் போய், அடுத்த கட்டிலுக்குக்கூடக் கேட்காது. நாற்பத்து மூன்றாம் நாள் இறந்துபோனது.

குழந்தை உயிரோடு இருக்கும்போதே அதன் இரத்தத்தையும் ஒரு துணுக்குத் தோலையும் பெரிய டாக்டர் ஐரோப்பாவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். கஷ்டப்படுகிற பிள்ளையை இன்னும் ஏன் குத்துகிறீர்கள் என்று வார்டில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். டாக்டர் காதில் வாங்கவில்லை. எந்த மரபணுவில் என்ன குறை என்ற விடை, குழந்தை போய் மூன்று மாதம் கழித்து வந்தது. அந்த விடையை அந்தத் தம்பதிக்கு விளக்கும் வேலை எனக்கு.

நான் நன்றாகவே விளக்கினேன் என்று நினைத்தேன். படம் வரைந்தேன். "ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில ஒரு பங்கு சாத்தியம் இருக்கு" என்றேன். அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போது முதலில் எங்களிடம் வாருங்கள் என்றும் சொன்னேன். விளங்கியதா என்று கேட்டேன். இருவரும் தலையாட்டினார்கள். முருகேசன் முகத்தில் ஒரு தெளிவுகூடத் தெரிந்தது. அவர்கள் எழுந்து போனதும் கோப்பில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது வளர்மதியைப் பார்த்தேன். கையில் மகப்பேற்றுப் பிரிவின் அட்டை.

"என்னம்மா, எத்தனை மாசம்?" என்றேன்.

"பதினோரு வாரம்னு சொன்னாகக்கா. இன்னைக்குத்தான் மொத தடவ காமிக்க வந்தேன்."

"எங்களிட்ட ஏன் வரேல்ல?"

அவள் சிரித்தாள். "இனி என்னக்கா பயம். நாலுல ஒண்ணு போயிருச்சு. மிச்சம் மூணும் நல்லா இருக்கும்ல. மாமா அன்னைக்கே கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு."

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் ஏறவில்லை. அவர்கள் என் அறையிலிருந்து அவ்வளவு தெளிவாக எழுந்து போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவர்கள் காதில் விழுந்தது வேறு.

பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"விளங்கியதா என்று கேட்டாயா?"

"கேட்டேன். ஆம் என்றார்கள்."

"மருத்துவமனையில் யார் இல்லை என்று சொல்வார்கள்? அவர்கள் வாயால் உனக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும்." பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். "பதினோரு வாரம் என்றால் நேரம் இருக்கிறது. கலாஸ், அழுதது போதும். நாளைக்கு இருவரையும் வரச் சொல்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். முருகேசன் அதைக் கவனிக்கவே இல்லை. கணக்கு தப்பு என்பது மட்டும்தான் அவர் தலையில் ஏறியிருந்தது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது, முன்பு விழுந்த சீட்டு எதையும் மாற்றாது என்று சொன்னேன். இந்த முறை இருவரையும் எனக்குத் திருப்பிச் சொல்ல வைத்தேன். முருகேசன் இரண்டு தடவை தடுமாறி, மூன்றாம் தடவை சரியாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்துச் செய்யக்கூடியதைச் சொன்னேன். முதல் குழந்தையிடம் குறையைக் கண்டுபிடித்துவிட்டதால், இப்போது நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துளித் திசுவை ஊசியால் எடுத்து அதே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தத் திசுவும் குழந்தையும் ஒரே கருவிலிருந்து வந்தவை. குழந்தைக்கு அந்த நோய் இருக்கிறதா என்று அதில் தெரியும். ஊசியால் கரு கலையும் ஆபத்து கொஞ்சம் உண்டு. செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

"விடை எப்பிடி வந்தா என்ன செய்வீங்கள் எண்டு இப்பவே யோசியுங்கோ. வந்தாப் பிறகு யோசிக்க ஏலாது" என்றேன்.

முருகேசன் உடனே பேசினார். "சிஸ்டர், நோவு இருக்குனு வந்துச்சுன்னா நான் இவள ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்க இருபது வாரம் வரைக்கும் கலைக்க முடியும்னு சொன்னாக. அந்த நாப்பத்தி மூணு நாள இன்னொருக்கப் பாக்க என்னால ஆகாது."

வளர்மதி சன்னமாக, ஆனால் ஒரு சொல் விடாமல் சொன்னாள். "மாமா, நீங்க டூட்டிக்குப் போயிருவீக. நாந்தான் பக்கத்துல இருந்தேன். கட்டுப் பிரிக்கையில எல்லாம் நாந்தான் இருந்தேன். முடியும் முடியாதுன்னு நானும் சொல்லணும்ல."

"சரி, சொல்லு."

"இப்பச் சொல்லத் தெரியல. தெரிஞ்சுட்டாச் சொல்லுவேன். தெரியாமக் கெடந்து பயந்துக்கிட்டே ஆறு மாசம் சொமக்க மாட்டேன். அதுக்காகத்தான் ஊசி."

முருகேசன் என் பக்கம் திரும்பினார். "நீங்களா இருந்தா என்ன சிஸ்டர் செய்வீக?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள். எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. அவர் களைத்துப்போயிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்பது போலப் பார்த்தார். ஆனால் பிறகு பல வருடம் அந்த முடிவோடு வாழப்போவது நானல்ல.

"நான் உங்கட இடத்தில இல்லை. எந்தப் பக்கம் போறது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ. எந்தப் பக்கம் போனாலும் நான் கூட வருவன்" என்றேன்.

பன்னிரண்டாம் வாரம் திசு எடுத்தார்கள். பெற்றோர் இருவரின் இரத்தத்தோடு சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினோம். ஊசியால் ஒரு பாதகமும் இல்லை. இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது வாரத்தின் முடிவில் பெரிய டாக்டரின் தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போய், அவர் கார்ட்டூமுக்கு விமானம் ஏறினார். அடுத்த நாள் காலை நான் அறையைத் திறந்தபோது ஃபேக்ஸ் இயந்திரத்தில் ஒரு தாள் கிடந்தது.

வளர்மதியின் விடைதான். மூன்று வரிகள். தாய், ஒரு குறையுள்ள பிரதி, ஒரு நல்ல பிரதி. தகப்பன், அதே. கரு, அதே. அதாவது குழந்தையும் பெற்றோரைப் போல அந்தக் குறையைச் சுமக்கும், ஆனால் நோய் வராது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடாத குறையாகப் போய், அன்றைக்குப் பொறுப்பில் இருந்த இளம் டாக்டரிடம் காட்டினேன். ஹைதராபாத்காரர், நல்ல மனிதர். வாசித்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"அச்சா, ரொம்ப நல்லது. பத்து மணிக்கு அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதல்லவா? சொல்லிவிடுங்கள் சிஸ்டர். சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும்."

நான் தாளோடு என் அறைக்குத் திரும்பினேன். கோப்பில் வைப்பதற்காகத் துளை போடும்போதுதான் மறுபடி வாசித்தேன். மூன்று வரியும் ஒன்றாக இருப்பது கண்ணில் பட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் திசு எடுக்கும்போது சில சமயம் தாயின் திசுவும் கூடவே வந்துவிடும். அதைச் சரியாகப் பிரித்து எடுக்காவிட்டால், ஆய்வுக்கூடம் குழந்தையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது என்ன விடை வரும்? தாயின் விடைதான். 'சுமக்கிறது, நோய் இல்லை.' என் கையில் இருந்த நல்ல செய்தி, தவறு நடந்திருந்தாலும் அப்படியே இதே மாதிரித்தான் இருக்கும். அதனால் இந்த விடை வரும்போதெல்லாம், தாயின் திசு கலக்கவில்லை என்று தனியாகச் சோதித்து அறிக்கையின் அடியில் ஒரு வரி எழுதுவார்கள். வேறு குடும்பங்களின் இரத்த நோய் அறிக்கைகளில் அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். இதில் அது இல்லை.

மறந்துவிட்டார்களா, சோதனையே செய்யவில்லையா, எனக்குத் தெரியாது. அங்கே மணி நம்மைவிட மூன்று மணி நேரம் பின்னால். நம் நேரம் பன்னிரண்டுக்குத்தான் அந்த ஆய்வுக்கூடத்தில் ஆள் வரும். பெரிய டாக்டரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மணி ஒன்பதரை.

இளம் டாக்டரிடம் மறுபடி போய்ச் சொன்னேன். அவர் யோசித்தார். "எழுத விட்டுப்போயிருக்கும். தவறாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு, சிஸ்டர். பாவம், எவ்வளவு நாள் பயந்துகொண்டிருப்பார்கள்."

அவர் சொன்னதும் சரிதான். நான் மட்டும் ஏதோ கண்டுபிடித்துவிட்டது போல நடந்துகொள்கிறேனோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் லிஃப்ட் வாசலில் வளர்மதி சிரித்த சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. இந்த அறையிலிருந்து அவர்களை ஒரு தடவை பொய்யான நிம்மதியோடு அனுப்பிவிட்டேன். இரண்டாவது தடவை என்னால் முடியாது.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். விடை இன்னும் வரவில்லை என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். அது சுலபம். எல்லாருக்கும் கொஞ்ச நேரம் அமைதி. ஆனால் பிறகு நான் சொல்லும் எதையும் அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

"விடை வந்திருக்கு. ஆனா முழுசா வரேல்ல. ஒரு சோதினை மிச்சம் இருக்கு. அது தெரியாமல் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றேன்.

முருகேசன் மேசையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "வந்த வரைக்கும் என்ன இருக்குனு சொல்லுங்க."

"அது பாதி விடை. பாதி விடையை நம்பி நீங்கள் ஏதாவது செய்தீங்கள் எண்டால் பிறகு திருத்த ஏலாது."

"சிஸ்டர், நீங்க அறிவோடதான் பேசுறீகளா?" அவர் குரல் உயரவில்லை. "எங்க பாஸ்போர்ட்டு ரெண்டும் கராஜ் மொதலாளி, அந்தக் கஃபீல் கையில இருக்கு. அந்தாளு இன்னைக்கு மத்தியானம் ஏர்போர்ட்டுக்குப் போறாரு. வர ரெண்டு மாசம் ஆகும். பெட்டகத்துச் சாவி வேற யாருகிட்டயும் இல்ல. ஊருக்குப் போகணுமா வேணாமான்னு எனக்கு இப்பத் தெரியணும். ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சு என்ன பண்ண?"

இது எனக்கு அதுவரை தெரியாது. பதினான்கு வாரம் ஆகிவிட்டது. இரண்டு மாதம் என்றால் எல்லாக் கதவும் மூடிவிடும். என் பிடிவாதத்தால் அவர்களுக்கு இருந்த வழியும் அடைபடப் போகிறது. ஒரு கணம் கை கோப்பின் பக்கம் போனது.

பிறகு ஒன்று தோன்றியது. அவருக்கு இப்போது வேண்டியது விடை அல்ல, பாஸ்போர்ட். இரண்டையும் அவரும் ஒன்றாக நினைக்கிறார், நானும் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

"முருகேசன், போகிறதோ இல்லையோ, பாஸ்போர்ட் உங்கட கையில இருக்கட்டும். நான் இப்ப ஒரு கடிதம் எழுதி டாக்டரிட்டக் கையெழுத்து வாங்கித் தாறன். மனைவிக்கு வைத்திய காரணத்துக்காகப் பயணம் செய்ய வேண்டி வரலாம் எண்டு மட்டும் அதில இருக்கும். வேற விபரம் ஒண்டும் இருக்காது. அதைக் கொண்டுபோய் அவரிட்டக் கேளுங்கோ. விடையை நீங்கள் திரும்பி வரும்போது கேக்கலாம்."

அவர் வளர்மதியைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க மாமா. நான் அக்காகூட இருக்கேன்" என்றாள்.

இளம் டாக்டர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்காமல், பக்கத்து அறையிலிருந்த எகிப்துக்காரக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு அதே கடிதத்தை அரபியிலும் அடித்து, முத்திரை குத்தச் சொன்னார். முருகேசன் அதை வாங்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடினார். கீழே கராஜின் பிக்கப் வண்டி நின்றது. அவர் நண்பர் ஒருவர் ஓட்டி வந்திருந்தார்.

அடுத்த இரண்டு மணி நேரம் வளர்மதி என் அறையில் இருந்தாள். அவள் ஒரு தடவைகூடத் தாளைப் பற்றிக் கேட்கவில்லை. காலையில் சாப்பிடவில்லை என்று தெரிந்து என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியைக் கொடுத்தேன். புட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்க ஊர்ல கத்தரிக்காய்க்குத் தேங்காப்பால் ஊத்துவீகளா?" என்று கேட்டாள். எப்படிச் செய்வது என்று சொன்னேன். மாமாவுக்கு இது பிடிக்காது, எனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, நீங்க சொல்லாம இருக்கதப் பாத்தா நல்லதாத்தான் இருக்கும்போல. கெட்டதுன்னா இந்நேரம் என் கையப் புடிச்சிருப்பீக" என்றாள்.

என் முகத்தை அவள் படித்துவிட்டாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. நானும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குப் பேசினேன். எடுத்தது ஒரு பெண். மாதிரி எண்ணைச் சொல்லி, கலப்புச் சோதனையின் முடிவு என்ன என்று கேட்டேன். காத்திருக்கச் சொன்னாள். காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"அந்தச் சோதனை நேற்று மாலைதான் முடிந்திருக்கிறது. இன்னும் யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். இந்த மாதிரியில் தாயின் திசு நிறையக் கலந்திருக்கிறது. இந்த விடையை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. அந்த ஃபேக்ஸ் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. யாரிடமும் சொல்லிவிடவில்லையே?"

"இல்லை" என்றேன்.

தொலைபேசியை வைத்தேன். வளர்மதிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எழுந்து நின்றிருந்தாள். இந்த முறை நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்த உடனே, அவள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வாள் என்று உறைத்து, வேகமாகச் சொன்னேன்.

"கெட்ட செய்தி இல்லை. நல்ல செய்தியும் இல்லை. எடுத்த திசுவில உம்முடையதும் கலந்துபோச்சு. பிள்ளையைப் பற்றி இன்னும் ஒண்டும் தெரியாது. திரும்ப எடுக்க வேணும்."

அவள் உட்கார்ந்தாள். அழுதாள். நான் அழ விட்டேன்.

ஒரு மணிக்கு முருகேசன் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பைக்குள்ளிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். கஃபீல் காரில் ஏறிவிட்டாராம். கடிதத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, பெட்டகத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்து, மனைவியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். நாம் ஆட்களைப் பற்றி முன்கூட்டியே முடிவு கட்டி வைத்துவிடுகிறோம்.

நடந்ததை அவருக்கும் சொன்னேன். "அப்ப அந்தப் பேப்பர்ல என்னதான் இருந்துச்சு?" என்றார்.

இப்போது மறைக்கக் காரணம் இல்லை. எடுத்துக் காட்டி, வரிவரியாகச் சொன்னேன். அவர் மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இதக் காலையில நீங்க சொல்லியிருந்தீகன்னா நான் அந்தாளுகிட்டப் பாஸ்போர்ட்டே கேட்டிருக்க மாட்டேன் சிஸ்டர்" என்றார்.

பெரிய டாக்டர் பத்து நாளில் திரும்பினார். பதினாறாம் வாரம் பனிக்குட நீரை எடுத்தார்கள். இந்த முறை ஆய்வுக்கூடம் எங்கள் மாதிரியை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்துப் பார்த்தது. அந்த நாட்களில் முருகேசன் வேலை முடிந்ததும் எனக்குத் தினம் ஒரு தடவை பேசுவார். "மாஃபி நியூஸா சிஸ்டர்?" என்று, செய்தி ஒன்றும் இல்லையா என்பதை அரபி கலந்து கேட்பார். இல்லை என்பேன். சரி என்று வைத்துவிடுவார். அவர்கள் இருவரும் என்ன முடிவெடுத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

பதினெட்டாம் வாரத்தில் விடை வந்தது. நான் முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தேன். தாயின் திசு கலப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் மேலே பார்த்தேன். சுமக்கிறது, நோய் இல்லை.

பெரிய டாக்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். "நீயே சொல். உன் மொழியில் சொல்" என்றார்.

சொன்னேன். பிறகு வளர்மதியிடம், எனக்குத் திருப்பிச் சொல்லும்படி கேட்டேன்.

"எனக்கும் மாமாவுக்கும் இருக்க மாதிரிதான் இதுக்கும். உள்ள இருக்கும், வெளிய வராது. நோவு கெடையாது." கொஞ்சம் யோசித்தாள். "கலியாணம் கட்டிவைக்கும்போது பாத்துக் கட்டிவைக்கணும். சொந்தத்துல குடுத்துறக் கூடாது. அம்புட்டுத்தானேக்கா?"

"அவ்வளவுதான்."

முருகேசன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சிரித்தார். "மொதப் பேப்பர்லயும் இதேதான சிஸ்டர் போட்டிருந்துச்சு? அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் தூங்கியிருப்போம்ல."

ஆம், அதே விடைதான். அதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அன்று காலை நான் சொல்லியிருந்தால் அது பலித்திருக்கும். பிள்ளை சுகமாகப் பிறந்திருக்கும், எல்லாரும் என்னை வாழ்த்தியிருப்பார்கள். அடுத்த குடும்பத்துக்கும் நான் அப்படியே பாதித் தாளைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். அதற்கு அடுத்த குடும்பத்துக்கும். ஏதோ ஒரு வீட்டில் அது பலிக்காமல் போயிருக்கும். முடிவு நல்லபடி அமைந்துவிட்டது என்பதற்காக, வந்த வழியும் நல்ல வழி என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு வந்த புதிதில் அதிர்ஷ்டம் நமக்குத் தப்பான பாடம் நிறையச் சொல்லித் தந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா விடையும் இப்படி வருவதில்லை. மற்ற விடை வந்த குடும்பங்களோடும் நான் உட்கார்ந்திருக்கிறேன். சிலர் ஊருக்குப் போனார்கள். சிலர் பெற்றுக்கொண்டார்கள். அவர்களில் யாரும் தவறு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. முழு விடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசி முடிவெடுத்தார்கள். அதற்கு வழி செய்து கொடுப்பதுதான் நம் வேலை.

வளர்மதிக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிரசவமானது. எனக்கு அன்று லீவு. ஆனாலும் போனேன். ஆண் பிள்ளை. நான் வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதன் அழுகை கேட்டது. பெரிய டாக்டர் எனக்கு முன்பே வந்து, பிள்ளையை வெளிச்சத்தில் வைத்து, காது மடல், விரல் இடுக்கு, வாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். "போரடிக்கிற குழந்தை" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

வளர்மதி பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். முருகேசன் கட்டிலுக்கு ஒரு அடி தள்ளி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் தூர நிக்கிறீங்கள்?" என்றேன்.

"மொதப் புள்ளைய நான் ஒருக்காக்கூடத் தூக்கல சிஸ்டர். நாப்பத்தி மூணு நாள்ல ஒருக்காக்கூட" என்றார். "என் கை அரம் மாதிரி இருக்கும். பட்டா உரிஞ்சு போயிருமோன்னு பயம்."

வளர்மதி அவரைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, அதன் முதுகை அவர் பக்கம் திருப்பினாள்.

"வைங்க மாமா" என்றாள்.

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு அந்தச் சிறிய முதுகின் மேல் முழு உள்ளங்கையையும் வைத்தார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் குனிந்து, அந்த இடத்தைப் பார்த்தோம். லேசாகச் சிவந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பும் மறைந்தது.